யாரைவிட யார்

சலவைக்கூடத்தில் யாரும் அவரை முகத்துக்கு நேரே பூனைக்கால் என்று கூப்பிட்டதில்லை. விடுதிக்குப் புதிதாக வந்த மேலாளர். நடந்து வருகிற சத்தமே கேட்காது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அப்படி வந்த பெயர் அது. ஒரு நாள் அவர் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, சலவைப் பிரிவுக்கு இலவசமாக ஆங்கில வகுப்பு நடக்கப் போகிறது, பகல் வேலை முடிந்ததும் ஊழியர் சாப்பாட்டு அறையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மடிப்பு மேஜையில் நின்ற பெரியவளுக்கு அப்போதே உறுத்தியது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பெரியவள் பல்லைப் பார்த்துவிட்டு, குளம்பையும் தூக்கிப் பார்க்கிற ரகம். நாள் முழுக்கப் படுக்கை விரிப்போடும் தலையணை உறையோடும் பேசுகிற நமக்கு எதற்கு ஆங்கிலம் என்று கேட்டாள். மடிப்பு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற சின்னவளோ அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனும் தம்பியும் கட்டிய பெண்கள். ஒரே வீட்டில் பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரே வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது. சின்னவள் போகும்போது பெரியவள் போகாமல் இருந்தால் பஸ்ஸுக்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும். அதனால் அவளும் போனாள்.

ஆங்கில டீச்சர் மெல்லிய குரல்காரி. முதல் சில வகுப்புகள் பெயர், ஊர், நலமா என்று வம்பில்லாமல் போயின. பிறகு ஒரு நாள் அவள் இரண்டு வாளிகளை மேஜைமேல் வைத்து, ஒப்பிடுவது எப்படி என்று ஆரம்பித்தாள். நம் பேச்சில் 'விட' என்று ஒரு சொல்லை நடுவில் செருகினால் வேலை முடிந்தது. பெரிசு பெரிசாகவே இருக்கும், சின்னது சின்னதாகவே இருக்கும். ஆங்கிலத்தில் சொல்லுக்கே வால் முளைத்தது. பிக் என்பது பிக்கர் ஆனது. ஸ்மால் என்பது ஸ்மாலர் ஆனது. உயரமானவரைச் சொல்ல 'டாலர் தேன்' என்று டீச்சர் பலகையில் எழுதிப் படித்ததும், இஸ்திரிக்காரர் டாலரும் வருது, தேனும் வருது, சம்பளம் மட்டும் ஏற மாட்டேங்குது என்று முணுமுணுக்க, அறையே சிரித்தது.

வாளிகள் முடிந்ததும் டீச்சர் ஆட்களுக்கு வந்தாள். இவர்களில் யார் உயரம், யார் வயதில் மூத்தவர் என்று இரண்டிரண்டு பேராக நிறுத்திக் கேட்டாள். பிறகு, மடிப்பதில் யார் வேகம் என்று கேட்டாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தற்செயலாகக் கதவைப் பார்த்தாள். கதவின் சின்னக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன. பூனைக்கால்.

அந்த வாரம்தான் பின்வாசலில் தார்ப்பாய் போர்த்திய பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கியிருந்தது. ஊரில் நடப்பது எல்லாம் தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஸ்டோர்காரர், அது மடிக்கிற மெஷின், ஒரு பக்கம் விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மடித்துத் தள்ளிவிடும், ஓர் ஆள் போதும் என்றார். ஓர் ஆள் போதும் என்றால் மற்ற ஆள்? யார் வேகம், யார் மெதுவு என்று நம் வாயாலேயே சொல்ல வைத்து, அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான். பெரியவளுக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. நெருப்பில்லாமல் புகையாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் இஸ்திரிக்காரர், கொதிகலன்காரர், துவைப்புப் பெண்கள் என்று ஒவ்வொருவரிடமும் குசுகுசுத்தாள். யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவானது. அதற்கு ஏற்றாற்போல் அன்றைய வகுப்பில் டீச்சர் இரண்டு பேரும் சமம் என்று சொல்வதற்கு 'ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ்' கற்றுக்கொடுத்தாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஆஸ்தான். நின்றுகொண்டே தூங்குகிற கொதிகலன்காரரும் இஸ்திரிக்காரரும் ஒரே வேகம். எல்லோரும் ஒரே உயரம். டீச்சர் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டியபடி குழம்பி நின்றாள்.

கடைசியாகச் சின்னவளை எழுப்பினாள். சின்னவள் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"ஐ ஆம் ஃபாஸ்டர் தேன் மை சிஸ்டர்."

டீச்சர் கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

அன்று பஸ்ஸில் பெரியவள் முன் இருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். வீட்டில் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கேட்டால் நமக்குத்தான் விழும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். மேஜையில் விரிப்பின் முனைகளைப் பிடித்து மடிக்கையில்கூட இருவரும் பேசவில்லை. சின்னவள் ஒரு நாள் மின்தூக்கி அருகே பூனைக்காலைப் பார்த்துத் தலையசைத்ததைப் பெரியவள் கண்டாள். அது போதுமானதாக இருந்தது. இவள்தான் உள்ளே இருந்து சொல்கிறாள், வேவு பார்க்க எனக்குப் பக்கத்திலேயே ஆள் வைத்திருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டாள். அரண்டவள் கண்ணுக்குத் தலையசைப்பும் பேய்.

அந்த வாரக் கடைசியில் துண்டுகள் எடுக்கச் சரக்கறைக்குப் போனாள். அடுக்குகளுக்குப் பின்னால் யாரோ பேசுவது கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குட்... மோர் பெட்டர்... இல்ல, இல்ல. குட், பெட்டர். ஸ்மால், ஸ்மாலர். குட்டுக்கு ஏன் குட்டர் இல்ல..."

எட்டிப் பார்த்தாள். பூனைக்கால் சோப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளை போலக் கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த துண்டு நழுவியது. அவர் துள்ளி எழுந்து, சரக்கு சரிபார்க்கிறேன் என்றார். அவளும் துண்டு எடுக்க வந்தேன் என்றாள்.

அன்றிலிருந்து சந்தேகம் பக்கம் மாறியது. பூனைக்கால் அவளையே சுற்றினார். அவள் இஸ்திரிக்காரரிடம் பேசினால் தூணுக்குப் பின்னால் அவர் சட்டை தெரியும். துவைப்புப் பெண்கள் எதற்கோ சிரித்தால் அவர் காது சிவக்கும். பெரியவளுக்கு முதுகு முழுவதும் கண் முளைத்த மாதிரி இருந்தது. ஒன்றும் செய்யாமலேயே குற்றவாளி போல நடப்பது எவ்வளவு களைப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. மேஜைக்கு எதிரே சின்னவள் தலையைக் குனிந்தபடியே மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"எதை சார்?"

"தெரியாத மாதிரி பேசாத."

"நான் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல நீங்க சொல்லுங்க. மெஷின் வந்தா எங்கள்ல யாரை அனுப்பப் போறீங்க?"

எந்த மெஷின் என்று அவர் விழித்தார். தார்ப்பாய்க்குள் இருப்பது கொதிகலனுக்கு வந்த தண்ணீர்த் தொட்டி. மடிக்கிற மெஷின் வாங்குகிற அளவுக்கு இந்த விடுதிக்கு வசதி இருந்தால் என் நாற்காலிக்கு நாலு காலும் இருக்குமே என்றார். பெரியவள் குனிந்து பார்த்தாள். ஒரு காலுக்குப் பதில் செங்கல் இருந்தது. பிறகு அவர் குரல் இறங்கியது. தலைமை அலுவலகக் கூட்டத்தில் நம் விடுதி 'மோர் பெட்டர்' என்று சொல்லிவிட்டாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்ததோடு விடவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் மோர் பெட்டரா என்று விசாரிக்கிறார்களாம். ஊழியர்களுக்கு என்று சொல்லி வகுப்பு வைத்துக்கொண்டார். கீழ் வேலை பார்ப்பவர்களோடு பெஞ்சில் உட்கார மனம் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றால் பாதிதான் காதில் விழுகிறது.

"உள்ள வந்து உக்காருங்க சார்," என்றாள் பெரியவள். "நாங்க என்ன கடிச்சா தின்னுடப் போறோம்?"

அவர் போகலாம் என்று கையைக் காட்டினார்.

அன்று மாலை வீட்டில் மாடிப்படியில் அவளே ஏறிப் போனாள். சின்னவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெரியவள் தொட்டி விவரத்தைச் சொன்னாள். சரக்கறை விவரத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கினாள். பிறகு, ஏண்டி அன்னிக்கு அப்படிச் சொன்னே என்று கேட்டாள்.

சின்னவள் தண்ணீரை வடித்தாள். "தப்பில்லாம வந்த முதல் வாக்கியம் அதுதான் அக்கா. வாய்ல வந்துட்டுது, விட மனசு வரல."

"எல்லாரும் பேசி வச்சிருந்தோமே."

"பேசி வச்சீங்க. ஆனா நான் வேகம்தானே?"

பெரியவள் அரிசிப் பாத்திரத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதிரெதிரே நின்று மடித்தவள். விரிப்பின் அந்த முனை எப்போதும் தன் முனைக்கு முன்னாலேயே வந்து சேரும் என்பது அவளுக்குத் தெரியாததா?

"வேகம்தான்," என்றாள். "அதுக்காக ஊருக்கே சொல்லணுமா?" குரலில் கோபம் பாதியும் வேறு ஏதோ பாதியுமாக இருந்தது. அரிசிப் பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

அடுத்த வகுப்பில் பூனைக்கால் உள்ளே வந்தார். மேற்பார்வைக்காக வந்திருக்கிறேன் என்று யாரும் கேட்காமலேயே அறிவித்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறை இறுகிப் போனது. டீச்சருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. உயரம் பார்க்க அவரையும் சின்னவளையும் முன்னால் கூப்பிட்டு அருகருகே நிறுத்தினாள். மேலாளர் சின்னவளின் காதளவுதான் இருந்தார். வாக்கியம் சொல்லுங்கள் என்றாள் டீச்சர். இஸ்திரிக்காரர் தரையைப் பார்த்தார். கொதிகலன்காரர் உண்மையாகவே தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவள் சின்னவளைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஹி ஈஸ் ஷார்ட்டர் தேன் மீ," என்றாள் சின்னவள்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தான் அவளைவிடக் குள்ளம் என்று ஆங்கிலத்தில் தானே சொன்னார். சரியாக வந்தது. டீச்சர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அவரும் சிரித்தார். பெரியவள் மட்டும் அந்தச் சிரிப்பு கண்வரை போகிறதா, உதட்டோடு நின்றுவிட்டதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா அக்கா, அவர் கோவப்படவே இல்ல," என்றாள் சின்னவள்.

"இன்னிக்குப் படல," என்றாள் பெரியவள்.