அண்ணியின் மணிக்கட்டு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைவிட ஒரு படி மேல். கூடத்தை விட்டுவிட்டு என் அண்ணியின் கையைக் கோணல் என்றேன்.

அண்ணி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அறுபது சொற்களைச் சைகையில் செய்துகாட்டிப் பாட வீடியோவாகப் பதிவு செய்திருந்தார். அதைப் பிள்ளைகளின் சின்ன போன்களில் அடங்கும்படி சுருக்கித் தரச் சொன்னார். என் பிழைப்பே அதுதான். வீட்டில் எனக்கு ‘நிபுணர்’ என்று பட்டப்பெயர், வைத்தவரும் அண்ணிதான்.

சுருக்கிய வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படமாக இருக்காது. இடையிடையே ஒரு முழுப் படம் வரும், அதுதான் கீஃப்ரேம். மற்றவை என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. கீஃப்ரேமிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று கறார்ப் பேர்வழி: தனக்குப் பின்னால் வரும் யாரும் தனக்கு முன்னால் இருப்பதைத் தொடக்கூடாது என்று கதவைச் சாத்திவிடும். இன்னொன்று கதவைத் திறந்தே வைக்கும். பின்னால் வருபவை பழைய படங்களிலிருந்தும் இரவல் வாங்கலாம். அதில் கோப்பு இன்னும் இளைக்கும். நான் முதல் படத்துக்கு மட்டும் கறாரை வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் இரண்டாவது வகைக்கு மாற்றினேன். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. எவ்வளவு சின்னதாக்கிவிட்டேன் பார் என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டே வாரத்தில் அண்ணி வந்து நின்றார்.

“பசங்க ‘தண்ணி’ய தப்பா காட்டுறாங்க தம்பி. ஒரு விரல் கூடுதலா நிக்குது. வீடியோல ஏதாவது கோளாறா?”

“வீடியோ சுத்தமா இருக்கு அண்ணி,” என்றேன், எடுத்துக்கூடப் பார்க்காமல். “உங்க கைதான் ஆடுது. மணிக்கட்டு உடைஞ்சதுல இருந்தே அப்படித்தானே?”

வாய் கூசாமல் சொன்னேன். அண்ணி தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று பழகி, அறுபதையும் மறுபடி எடுத்தார். நான் பழையபடியே சுருக்கினேன், பழைய தப்பே வந்தது. மூன்றாம் முறை எடுத்துத் தந்தபோது, “இதுவும் சரியா வரலன்னா பாடத்த வேற டீச்சர்கிட்ட குடுத்துடுவாங்க” என்றார்.

அதையும் அப்படியே சுருக்கி, பிள்ளைகளின் போன்களில் ஏற்றித்தர நானே பள்ளிக்குப் போனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி ‘அம்மா’வைப் பார்த்துவிட்டு, ஒரே தட்டில் ‘தண்ணீரு’க்குத் தாவினாள். ‘அம்மா’வுக்காக நீட்டிய சுட்டுவிரல், ‘தண்ணீர்’ காட்டும் கையின்மேல் அரை விநாடி ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் அந்த விரலையும் சேர்த்து ஒழுங்காகச் செய்துகாட்டினாள்.

எந்தப் பிள்ளை பாடத்தை வரிசையாகப் பார்க்கும்? வேண்டிய சொல்லுக்குத் தாவும். தாவினால் இரவல் கொடுக்கவேண்டிய படம் அங்கே இருக்காது; போன் கைக்குக் கிடைத்த பழையதை ஒட்டிவிடும். நான் ஒருமுறைகூடத் தாவிப் பார்க்கவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றே ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் கறார் கீஃப்ரேமை வைத்துச் சுருக்கி அனுப்பினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த வாரம், பிள்ளைகள் ‘தண்ணீரை’ச் சரியாகக் காட்டுவதைப் பார்த்த அண்ணி என்னை வகுப்புக்கு அழைத்தார். “இவர் சொல்லலன்னா என் கை ஆடுறது எனக்கே தெரிஞ்சிருக்காது” என்று வாயாலும் கையாலும் சொன்னார். இருபது பிள்ளைகள் கையசைத்து எனக்கு நன்றி சொன்னார்கள். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

முன்வரிசைப் பெண்ணின் போனை வாங்கி ‘மன்னியுங்கள்’ என்ற சொல்லைத் தொட்டேன். பட்டை கட்டிய அண்ணியின் கை, பிசிறில்லாமல் வந்தது. பார்த்துக்கொண்டு, அண்ணிக்கு எதிரே நின்று அப்படியே செய்தேன்.

அண்ணி சிரித்துவிட்டார். “பரவால்லையே நிபுணரே! ஆனா கை நடுங்குது பாரு. நிதானமா செய்.”

“உங்க கை ஒருநாளும் ஆடல அண்ணி,” என்றேன். “நான் சுருக்கினதுதான் தப்பு. தெரிஞ்சும் ஒரு வாரமா சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் சிரிப்பு நின்றது. பிறகு தன் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி அடுத்த சொல்லைக் காட்டத் தொடங்கினார்.