கொடுக்காத வசனம்

மூன்றாவது நாற்காலியை அவள் சுவரோரமாகத் திருப்பிப் போடப் போனபோது, தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா பண்றே? வர்றவங்க உட்கார வேண்டாமா?"

"உட்காரட்டும். இது சாவு வீடா, இல்ல உன் கொட்டகையா?"

அவன் அப்போதுதான் கூடத்தை நன்றாகப் பார்த்தான். அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே, வரிசை வரிசையாக, நடுவில் ஆள் போக வழி விட்டு, முதுகில் வெள்ளை எண் எழுதிய கறுப்பு மடக்கு நாற்காலிகள். அவனுடைய நாடகக் குழுவின் வேனில் வந்தவை. அவனும், மேடைக்கு விளக்குப் போடும் 'பல்பு'வும் இறக்கி, கைப்பழக்கத்தில் அப்படியே போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு பல்பு டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேசை விளக்கை அப்பா முகத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். முன்வரிசையில் அத்தை, டிக்கெட் வாங்கி வந்தவள் மாதிரி மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கவனிக்கலைக்கா."

"கவனிக்காதவனா நீ? அப்பா இருமினாக்கூட எழுதி வெச்சிக்கிட்டவனாச்சே!"

அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த வருஷம் அவன் குழு போட்டதெல்லாம் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும் நாடகங்கள். குழந்தையை விற்கிற தாய், கைதிகளைத் தூக்கிலிடுகிறவனின் கல்யாணம் என்று ஒன்றை ஒன்று மிஞ்சும். 'இருட்டு வரிசை' என்று பெயர் வேறு. மூன்றாவது நாடகத்தில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மகள். கடைசிக் காட்சியில் மகள் தலையணையைக் கையில் எடுப்பாள்.

முதல் நாள் அவளும் ஓசி டிக்கெட்டில் போய் உட்கார்ந்தாள். கிழவர் அப்பாவின் இருமலை இருமினார். "இந்த ஃபேனும் அரசாங்கம் மாதிரிதான், சுத்துது, காத்து வரலை" என்று அப்பா திட்டுவதை அப்படியே திட்டினார். சபை சிரித்தது. தலையணையோடு வந்த மகள் போட்டிருந்தது இவளுடைய பூப்போட்ட நைட்டி. கொடியிலிருந்து காணாமல் போய்விட்டதென்று இவள் வீடெல்லாம் தேடிய அதே நைட்டி!

"அது நீ இல்லக்கா, அது சமூகம்" என்றான் தம்பி அன்றைக்கு.

"சமூகத்துக்கு எதுக்குடா என் நைட்டி?"

நாடகம் அரங்கு நிறைந்து ஓடியது. மருந்துக் கடைக்காரர் அப்பாவின் தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இவள் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பீ மூத்திரம் அள்ளினவள் இவள், கைதட்டல் வாங்கினவன் அவன். எந்த ஊர் நியாயம் இது?

அப்பாவாவது இவள் பக்கம் நின்றாரா என்றால், அதுவும் இல்லை. "அவன் வர்றானா? தலையை வாரி விடு. ரெண்டு வசனம் தயார் பண்ணணும்" என்பார். தம்பி வந்து உட்கார்ந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வாழ்க்கை பிரேக் இல்லாத வண்டிடா" என்று எடுத்து விடுவார். அவன் வெளியே போய் அதைப் போனில் பேசிப் பதிந்துகொள்வான். "எப்படி?" என்று அப்பா இவளிடம் கண்ணடிப்பார். அடுத்த நிமிஷமே, "தொண்டை வறண்டு கிடக்கு, கண்ணு தெரியலையா மூதேவி?" அவனுக்கு வசனம், இவளுக்கு வசவு.

இன்று விடிந்தபோதுதான் அப்பா இவளை நிமிர்ந்து பார்த்தார். பொட்டுத் தூக்கம் இல்லாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ போய்ப் படு. நான் பார்த்துக்கறேன்."

நெடுந்தூரப் பேருந்து ஓட்டிய காலத்தில் மாற்று ஓட்டுநரிடம் அவர் சொல்கிற வார்த்தை அது. யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று சிரிப்பு வந்தது அவளுக்கு. கூடத்தில் போய்ப் படுத்தாள். எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுப்படியில் வந்தவர்களுக்குக் காபி கலக்கும்போது தம்பி பின்னாலேயே வந்து நின்றான்.

"அக்கா, கடைசியா அப்பா ஏதாவது சொன்னாரா?"

"எதுக்கு?"

"மகனாக் கேக்கறேன்."

"மகனாக் கேக்கறவன் கையில எதுக்குடா போன்?"

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். "கடைசிக் காட்சி இன்னும் சரியா அமையலைக்கா. பெரியவர் ஒரு வசனமும் இல்லாம செத்துப் போறார். அப்பா சொன்னதையே வெச்சா, அது அவருக்கு மரியாதைதானே?"

"உயிரோட இருந்தப்போ உரிச்சது பத்தலையா? செத்த பிறகும் விட மாட்டியா?"

டம்ளர் தட்டை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அத்தை அதற்காகவே காத்திருந்தவள் போல் குரலெடுத்தாள்.

"பக்கத்துல ஒரு நாதியில்லாம போய்ச் சேர்ந்துட்டாரே எங்கண்ணன்! ஏண்டி, நீ தூங்கிட்டியாமே?"

சுவரோர நாற்காலியில் இருந்த மருந்துக் கடைக்காரர் தரையைப் பார்த்தார். பாவி மனுஷர், அவரும் நாடகம் பார்த்தவர்தான்.

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்பாதான் படுக்கச் சொன்னார் என்று அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அத்தை வாய் அடைபடும். பழி தீரும். அவள் நிமிர்ந்தாள். அடுப்படி வாசலில் தம்பி நின்றிருந்தான். அழுது சிவந்த கண்தான். ஆனாலும் உதடு லேசாகப் பிரிந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமைக்குள் அது மேடை ஏறிவிடும். இவள் நைட்டியைப் போட்டுக்கொண்டு எவளோ ஒருத்தி அதைக் கேட்பாள். கேட்டுவிட்டு, படுக்கப் போகாமல், தலையணையை எடுப்பாள்.

"ஆமா அத்தை, தூங்கிட்டேன்" என்றாள்.

அத்தை உச்சுக் கொட்டினாள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். காபியை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மருந்துக் கடைக்காரர் வேண்டாம் என்று கையசைத்தார்.

அப்பாவைக் கொண்டுபோய் எல்லாம் முடித்துத் திரும்பிய பிறகு, பல்பு கூடத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தான். அவள் உள்ளறைக்குப் போய், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த தன் பாயில் படுத்தாள்.

கக்கத்தில் இடுக்கிய ஒரு நாற்காலியோடு தம்பி கதவருகே வந்து நின்றான்.

"நெஜமாவே ஒண்ணும் சொல்லலையாக்கா?"

அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் நாற்காலியை வேனுக்கு எடுத்துக்கொண்டு போனான். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை.