அம்மாவின் ஓட்டத்தை ஓடியவள்

பல் செய்வது அவள் வேலை. பல்லைப் பிடுங்குகிற டாக்டர் மேல்மாடியில் இருப்பார். பிடுங்கிய இடத்தில் மாட்ட வேண்டியதை அவள் கீழே, மெழுகும் பிளாஸ்டர் தூளுமான ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து செய்வாள். சனிக்கிழமை கிளம்பப் போகும் நேரத்தில் ஒரு மாப்பிள்ளையின் முன்பல் வந்து சேர்ந்தது.

"நாளைக்குக் கல்யாணமாம் அக்கா. ஃபோட்டோவுல சிரிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

வாயை மூடிக்கொண்டு சிரித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் யார் பதில் சொல்வது? கைப்பையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய கவலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. மாரத்தானுக்குப் பெயர் கொடுத்ததிலிருந்து ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் நீண்ட ஓட்டம் ஓட வேண்டும். மகளுக்குக் காய்ச்சல், கணவனுக்கு அவசர வேலை, இப்படி யாராவது ஒருவரின் முன்பல் என்று பாதி ஞாயிறுகள் அம்போவென்று போய்விட்டன. போட்டிக்கு முன் மிச்சமிருந்த ஞாயிறு நாளை மட்டும்தான். ஓட்டப் பயிற்சி மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இதையும் விட்டீங்கன்னா போட்டிக்கு வராதீங்கம்மா. பாதி வழியில முட்டி மக்கர் பண்ணும்."

மாப்பிள்ளையின் பல்லை முடித்துவிட்டு வெளியே வந்தபோது அதே மாஸ்டரிடமிருந்து செய்தி. அவள் கைக்கடிகாரத்தில் பதிவாகும் ஓட்டமெல்லாம் அவர் ஃபோனுக்குப் போய்விடும். 'சபாஷ்! நாளைக்கு ஓட வேண்டியதை இன்னைக்கே ஆரம்பிச்சிட்டீங்க. ஆனா ஏன் ஒரே இடத்துல சுத்துறீங்க? உடம்பு சரிதானே?'

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிளாஸ்டர் தூள் பட்டுவிடும் என்று கடிகாரத்தை அவள் வேலைக்குக் கொண்டு வருவதே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் படியேறும்போதே தடதடவென்று சத்தம். மகள் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. கடிகாரம் கழன்றுவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு தலைமுடி ரப்பரைச் சுற்றியிருந்தாள்.

"தள்ளிக்கோம்மா! நின்னா கணக்கும் நின்னுடும்!"

"அடியே, என்னடி பண்ற?"

"உன் ஓட்டத்த ஓடுறேன். நாளைக்கு நீ போக வேணாம்."

உள்ளே கணவன் ஃபோனும் கையுமாக இருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை, ஆள் வந்துகொண்டே இருக்கிறார் என்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "விளையாடுறான்னு நெனச்சேன்" என்றான். ஊர் லிஃப்டெல்லாம் தெரியும், வாசலில் நடப்பது தெரியாது.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மகளை இழுத்து உட்காரவைத்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எதுக்குடி கண்ணு இப்படி?"

"ஞாயித்துக்கிழம கண்ணு முழிச்சா நீ இருக்க மாட்ட. வந்ததும் தூங்கிடுவ."

கொப்புளத்தின் மேல் மருந்தைத் தடவினாள். மனசு ஆறவில்லை.

"அம்மா ஓடுறதையே விட்டுடட்டுமா?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சரி என்று சொன்னால் விட்டுவிடத்தான் நினைத்தாள்.

வாலு யோசித்தாள். "வேணாம். ஓடாத வாரம் நீ எல்லார் மேலயும் எரிஞ்சு விழுற."

உள்ளே கணவன் சிரித்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் ஃபோனில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டான். உண்மையை இப்படிப் போட்டு உடைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? வலித்தது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவள் ஏரிக்கரைக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த தெருக்களிலேயே ஓடினாள். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பால்கனியில் வாலு இரண்டு கையையும் ஆட்டினாள். செக்குமாடு மாதிரி சுற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் முதலில் வேடிக்கை பார்த்தார், பிறகு அவரும் கையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெயில் ஏறி, கால் இரும்பாகக் கனத்த நேரத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் யாரும் இல்லை.

பிள்ளைக்குச் சலித்துவிட்டது, சலிக்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கால் தானாக நின்றுவிட்டது. காலியான அந்த இடத்தையே பார்த்தாள். இத்தனை ஞாயிறும் அந்தப் பிள்ளை கண் விழித்ததும் இப்படித்தானே பார்த்திருக்கும்? அழுகை வந்தது. போதும், மேலே போய்விடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினாள்.

பால்கனிக் கதவு படாரென்று திறந்தது.

"ஏன்மா நின்னுட்ட? ஓடும்மா!" தெருவுக்கே கேட்கும்படி வாலு கத்தினாள். "நான் பாத்ரூம்தான் போயிருந்தேன்!"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.