கண்ணை மூடிக்கொண்டு போன வழி

எனக்குக் காரில் போனால் தலைசுற்றும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன், இறங்கும்போதுதான் திறப்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைப் பார்த்துவிட்டு, "உன்னைக் கடத்திட்டுப் போறவனுக்குக் கண்ணைக் கட்டற துணி மிச்சம்" என்றார். வீட்டுத் தரகரின் காரில் ஏறிய பிறகு அந்தப் பேச்சு பலித்துவிட்டது.

அந்தத் தரகருக்கு என் கணவர் வைத்த பெயர் சுத்துவழி. ஒரு வீட்டைக் காட்ட வேண்டுமென்றால் அந்த மனிதர் நேர்வழியில் போகவே மாட்டார். எப்போதோ யாரோ இவர் காட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, இவரைக் கழற்றிவிட்டு, நேரே வீட்டுக்காரரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டார்களாம். சூடு கண்ட பூனை. அன்றிலிருந்து, ஏறியவர்களுக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று மறந்துபோகும்வரை சந்து சந்தாகச் சுற்றிவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்.

"இது எந்தத் தெருண்ணே?" என்று என் கணவர் கேட்பார்.

"வீட்டைக் காட்டுவேன் சார், விலாசத்தைக் காட்ட மாட்டேன். பிடிச்சிருக்கான்னு சொல்லுங்க, மத்ததெல்லாம் தானா வரும்."

பிடிக்கிற மாதிரி ஒன்றையும் அவர் காட்டவில்லை. ஒரு வீட்டில் குளியலறைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். "காத்து பிச்சிக்கிட்டு வரும் சார்" என்றார் சுத்துவழி. "வர்ற காத்து எங்க நிக்கும்ணே? அதுக்கு முதல்ல ஒரு இடம் பாருங்க" என்றார் என் கணவர். தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குச் சுலபமாகக் கோபம் வரும். போனை எடுக்கமாட்டார். நாமே கூப்பிட்டுத் தாஜா செய்ய வேண்டும். பணம் கொடுத்து வீடு வாங்கப் போகிறவர்கள் நாங்கள். பெண் கேட்டு வந்தவர்களைப் போலப் பணிந்து நிற்பதும் நாங்கள்தான்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்கள் அத்தனைக்கும் உச்சியில் இருக்கும் இயந்திர அறைகள் அவருக்கு அத்துப்படி. நான் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் குடியிருந்தது ஒரு வாடகை வீட்டின் மாடி. மேலே மொட்டைமாடி, துணி காயப்போட ஒரு கொடி. அங்கிருந்து பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் அடர்ந்த ஒரு மரம். மரத்தின் இலைகளுக்கு நடுவே யாருடைய வீட்டு மாடியிலோ பச்சை அடித்த ஒரு ஜன்னல். நாங்கள் வந்த நாளிலிருந்து அது திறந்திருந்து பார்த்ததில்லை. தூங்குமூஞ்சி ஜன்னல் என்று அவர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

வாய்க்காலுக்குப் பாலம் கிடையாது. அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டுமானால் பெரிய சாலைக்குப் போய் வளைந்து வர வேண்டும். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இருந்ததில்லை.

சுத்துவழி எங்களுக்குக் கடைசியாகக் காட்டிய வீட்டுக்குப் போன பயணம்தான் இருப்பதிலேயே நீளமானது. ரயில்வே கேட்டில் வண்டி இரண்டு முறை துள்ளியது. பிறகு மரம் அறுக்கும் மில்லின் ஈர வாசனை வந்தது. ஒரு சரிவில் இறங்கும்போது வயிறு லேசானது. இரும்பைத் தட்டும் பட்டறைச் சத்தம் இடது காதில் வந்து, பெரிதாகி, வலது காதுக்குப் போனது. மறுபடி ரயில்வே கேட். கடைசியில் நீளமான ஒரு வலது வளைவு. நான் என் கணவரின் தோளில் போய்ச் சாய்ந்தேன். அவர் சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டார். சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நொறுங்கியது. கண்ணைத் திறந்தேன்.

வீடு ஒன்றும் பெரிதில்லை. உள்ளே ஏறும் மரப்படிக்கட்டு, அதன் கீழ் புத்தகம் அடுக்கத் தோதான ஒரு மாடம். சமையலறையில் காலை வெயில் தரையில் கிடந்தது, யாரோ விரித்துவிட்டு மறந்துபோன பாய் மாதிரி. எனக்குத் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் மட்டும் மேலே போனார். கதவு ஏதோ முனகித் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவருடைய சிரிப்பு. தனியாக இருக்கும் மனிதர் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. யாரோ எதிரில் நின்று நகைச்சுவை சொன்னால் வரும் சிரிப்பு.

இறங்கி வந்தவரைப் பார்த்து, "என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இந்த வீட்டை வாங்கறோம்."

"மேல என்ன இருக்கு?"

"வாங்கினப்புறம் சொல்றேன்."

திரும்பும் வழியில் அவருக்குக் குஷி தாங்கவில்லை. "ஏண்ணே, எங்க வீட்டுலேருந்து இது ரொம்ப தூரமோ?" என்று கேட்டார்.

"கிட்டத்துலன்னு சொல்ல முடியாது சார்."

"அந்த ரயில்வே கேட்டு இன்னொரு தடவை வருமா? நல்லா இருந்துச்சு."

சுத்துவழி கியரை மாற்றினார். நான் கண்ணை மூடியபடி, பக்கத்தில் அவர் உடம்பு சத்தமில்லாமல் குலுங்குவதை உணர்ந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் துணி காயப்போடும்போது பார்த்தேன், அந்தப் பச்சை ஜன்னல் திறந்திருந்தது. "யாரோ குடிவந்துட்டாங்க போல, தூங்குமூஞ்சி முழிச்சிடுச்சு" என்றேன். "அப்படியா!" என்று அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம், ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்த இயந்திர அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று கூட இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்களைத் தண்ணீருக்கடியில் இருந்து பார்த்ததைப் போலத்தான் நினைவிருக்கிறது. வந்தவர்கள் பேசினார்கள், உதடுகள் அசைந்தன. சாயங்காலங்களில் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். யாரும் போடாத அவருடைய நீலச் சட்டையை வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுவேன். பச்சை ஜன்னல் காற்றில் மெல்ல மூடி, மெல்லத் திறக்கும். அங்கே ஆள் யாரும் வந்து நின்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருநாள் அதைப் பார்த்துக் கையசைத்தேன்.

வாடகை வீட்டில் எந்த மூலையைத் தொட்டாலும் அவர் இருந்தார், ஆனால் இருந்தவராக. இனி இருக்கப்போகிறவராக அவர் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டின் மாடி. அங்கே எதைப் பார்த்துச் சிரித்தார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டையும் வாங்க வேண்டும். இரண்டும் வேறுவேறு ஆசைகளாக எனக்குத் தோன்றவில்லை.

சுத்துவழியைக் கூப்பிட்டேன். பல நாள் எடுக்கவில்லை. எடுத்தபோது, "அந்த வீடு முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

"யார் வாங்கினாங்க?"

"அதெல்லாம் சொல்றது இல்லம்மா. உங்க ஒருத்தருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு? அடக்கமா ஒண்ணு காட்டறேன்."

காட்டினார். தீப்பெட்டிகளாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு சுற்று. ஒருமுறையும் ஜல்லிச் சத்தம் கேட்கவில்லை.

என் நாத்தனாரிடம் சொன்னேன். என் கணவரின் தங்கை, அண்ணனைப் போலவே வாய். "அந்த ஆளு கிடக்கறாரு, விடுங்க அண்ணி. வீடு என்ன கால் முளைச்சு ஓடிடுமா? நாமளே தேடலாம். அடையாளம் சொல்லுங்க."

"வழி எனக்குத் தெரியும். ஆனா பாத்ததில்ல."

அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். "ஏறுங்க" என்று ஸ்கூட்டரை உதைத்தாள்.

பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ரயில்வே கேட். அது கிடைத்தது. மில்லின் வாசனை கிடைக்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. திரும்பினோம், மறுபடி போனோம். ஒரு டீக்கடைக்காரர், "என்னம்மா, மூணாவது ரவுண்டா? உற்சவரு எங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. "பின்னாடி உக்காந்திருக்காங்க பாருங்க, கண்ணைத் திறந்தா வரம் குடுப்பாங்க" என்றாள் நாத்தனார். நான் திறக்கவில்லை. இருட்டுக்குள் அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதோ மரத்தூளின் ஈரம். இதோ சரிவு. வயிறு லேசாகிறது. இடது காதில் இரும்பு. மறுபடி கேட். அடுத்தது அவர் தோள் வர வேண்டும் என்று உடம்பு தானாகச் சாய்ந்தது. ஸ்கூட்டர் ஆட்டம் கண்டது.

"அண்ணி! விழுந்து வைக்காதீங்க! நேரா உக்காருங்க!"

"வலது பக்கம் திரும்பு. நீளமா."

"இது நம்ம ஏரியாவுக்கே திரும்பிப் போற ரோடாச்சே?"

"திரும்பு."

ஜல்லி நொறுங்கியது.

வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் உதிர்ந்த இலைகளை யாரும் மிதித்த சுவடில்லை. யாரும் வாங்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தரகரைக் கூப்பிட்டேன், அன்று உடனே எடுத்தார்.

"நீங்க முடிஞ்சிடுச்சுன்னு சொன்ன வீட்டு வாசல்ல நிக்கறேன்."

அவர் வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு" என்றாள் நாத்தனார்.

தரகர் சாவியை எடுத்துத் திறந்தார். வீட்டுக்காரர் வெளியூர், சாவி எப்போதும் இவரிடம்தான். நான் படியேறினேன். மாடி அறை காலியாக இருந்தது. அதன் சுவரில் ஒரு பச்சை ஜன்னல், அகலத் திறந்தபடி.

கிட்டே போனேன். இலைகளுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைமாடி. கொடியில் ஒரு நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்கு அடியில் என் வாளி.

கட்டடங்களின் உச்சியிலேயே வாழ்ந்த மனிதர். மேலேயிருந்து பார்த்த அந்த நொடியில் அவருக்குப் புரிந்திருக்கும். ஊரெல்லாம் சுற்றி எங்களை எங்கள் வீட்டுக் கொல்லைக்கே கூட்டிவந்திருந்தார் சுத்துவழி. நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. சிரித்து முடித்த பிறகுதான் கொக்கியைப் பார்த்தேன். துருவேறிய பழைய கொக்கி. அதை நெம்பித் திறந்த கை யாருடையது என்று தெரிந்தது. இத்தனை மாதங்களாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் திறந்துவிட்டுப் போன ஜன்னலை.

நாத்தனாரும் தரகரும் ஓடிவந்தார்கள். அவள் வெளியே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரகரைப் பார்த்தாள். "நல்லா இருங்கய்யா நீங்க" என்றாள்.

தரகர் சுவரோடு ஒட்டி நின்றார். "சார் மறுநாளே போன் பண்ணிட்டாரும்மா. விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'எங்க வீட்டம்மாகிட்ட மூச்சு விடாதீங்க, அடுத்த தடவையும் இதே மாதிரி சுத்தியே கூட்டிட்டு வாங்க, அவ மாடிக்கு ஏறும்போது நான் கிட்ட இருந்து பாக்கணும்'னு சொன்னாரு. அப்புறம் இப்படி ஆயிடுச்சு. உங்களை எந்த வழியில கூட்டிட்டு வர்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

"அதனால முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களாக்கும்?" என்றாள் நாத்தனார்.

"தெரிஞ்சா நேரா வீட்டுக்காரர்கிட்ட போயிடுவாங்களோன்னு பயமும் இருந்துச்சு. இப்ப பொய் சொல்லல."

அவர் முழுதாக உண்மை பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. "உங்க மூலமாத்தான் வாங்கறேன்" என்றேன்.

வீடு என் பேருக்குப் பதிவான நாள், சாமான்களை நாத்தனார் முன்னாலேயே கொண்டுபோய்விட்டாள். சுத்துவழி சாவியோடு வாடகை வீட்டு வாசலுக்கு வந்தார். "நடந்தே போயிடலாமேம்மா. பெரிய ரோட்டைச் சுத்தினா வந்துடும்."

"வேணாம். கார்லயே போகலாம். அதே வழியில."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்துவிட்டார். நான் என் பக்கத்தில் எப்போதும் விடும் இடத்தை விட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டில் வண்டி துள்ளியது. மரம், சரிவு, இரும்பு, மறுபடி கேட். அந்த நீள வளைவில் சுத்துவழி வழக்கத்தைவிட மெதுவாகத் திருப்பினார். நான் சாய்ந்தேன். சாய்ந்தபடியே இருந்தேன்.

ஜல்லி நொறுங்கி, சத்தம் அடங்கியது. எப்போதும் வண்டி நிற்பதற்குள் இறங்கச் சொல்லி அவசரப்படுத்துகிற மனிதர், எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இலைகள் அசையும் ஒலி கேட்டது. மேலே எங்கோ ஜன்னல் மெல்ல மூடி, மெல்லத் திறந்தது.