ஆட்டோவா, மேனுவலா?

சிங்கப்பூர் சாங்கியில் சரக்குப் பெட்டிகளின் கட்டுகளை அறுக்கும் வேலை பார்க்கிறான் என் நண்பன் இல்ஹாம். கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டே சொன்னான்: "எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க. பாஸ் முபாரக் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு லா. ஆட்டோவா, மேனுவலா? யோசிக்காம டக்குனு சொல்லிடு."

அந்த விரலை வெட்டியது அவனுடைய மடக்குக் கத்தி. எனவே கேள்வியும் கத்தியைப் பற்றியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கல்லூரி விடுமுறைக்கு ஏழு இடங்களில் வேலை கேட்டிருந்தேன்; ஏழு பேரும் "கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் இருந்தார்கள். இப்போது வினாத்தாளே கையில்! அன்றே தேக்கா கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"பாய், பட்டன அமுக்கினா தானாத் திறக்கிற கத்தி இருக்கா?"

கடைக்காரர் சேக் தாவூது கடைவாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அத இந்த ஊர்ல வச்சிருந்தாலே உள்ள போகணும் தம்பி. அடுத்த மாசம் எம் மகளுக்குக் கல்யாணம். அதோட, அட்டைத் தூசு ஸ்பிரிங்குல போச்சுன்னா பாதியில நின்னுரும். நாள் பூரா அறுக்கிறவனுக்கு மேனுவல்தான். கட்டைவிரலால தள்ளு. லாக் விழுந்த சத்தம் கேட்டாத்தான் அறு."

டக்! அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன். ரசீதில் 'வேலைக்கு' என்று எழுதி, பெட்டியை நன்றாக ஒட்டிக் கொடுத்தார். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து நூற்றுப்பத்து முறை திறந்து மூடினேன். அம்மாவும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் திட்டினார்.

மறுநாள் முபாரக் நிமிராமலே கேட்டார். "ஆட்டோவா, மேனுவலா?"

"மேனுவல், பாஸ்!"

அவர் முகம் சுருங்கியது. "இன்னொரு மேனுவலா?"

வாதாட வேண்டிய நேரம் வந்துவிட்டது. "ஆட்டோவ நம்ப முடியாது பாஸ். தூசு போனா பாதியில நின்னுரும். வச்சிருந்தாலே ஜெயில்."

"ஜெயிலா? நீ மேனுவல் எத்தனை நாளா?"

"நேத்து சாயங்காலத்திலேருந்து."

"நேத்துதான் லைசென்ஸ் எடுத்தியா?"

"மேனுவலுக்கு எதுக்கு பாஸ் லைசென்ஸ்?"

பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பழகின?"

"வீட்ல, சோபால. இப்பக் கண்ண மூடிக்கிட்டு ஒரே கையால செய்வேன்."

"டேய், நீ வேன எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தா எத்தன பேரு உயிரோட வீட்டுக்குப் போவாங்க?"

வேன்.

எட்டாவது வேலையும் கதவருகே போய் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பெட்டியையும் ரசீதையும் மேசையில் வைத்து, இல்ஹாமின் கட்டைவிரலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முபாரக் வெகுநேரம் ரசீதையே படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சொல்தான் இருந்தது.

"உங்கிட்ட லைசென்ஸ்னு ஏதாவது இருக்கா?"

"இருக்கு பாஸ்." குரல் இறங்கிவிட்டது. "ஆட்டோதான்."

ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். புத்தம்புது வேன். "அது ஆட்டோ. மேனுவல் ஓட்டிப் பழகினவனுக்கு இடது கால் சும்மா இருக்க மாட்டேங்குது. கிளட்சுனு நினைச்சு பிரேக்க மிதிக்கிறான். போன வாரம் மட்டும் ரெண்டு பேரு. சாமானெல்லாம் முன்சீட்டுக்கு வந்துருச்சு."

என் இடது கால் பிறந்ததிலிருந்தே சும்மாதான் இருக்கிறது என்றேன்.

கத்திப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது இல்ஹாமுக்கு." சாவியை என் பக்கம் தள்ளினார். "இது உனக்கு. திங்கட்கிழமை வா. கண்ணத் திறந்து வச்சுக்க. ரெண்டு கையும் வேணும்."