செவலை மேய்ந்த பாத்தி

திருமலைசாமிக்கு மருமகள் சாய்ப்ரியா மேல் கொள்ளைப் பிரியம். அவருடைய பசு செவலை மேல் அதைவிட ஒரு படி கூடவே பிரியம். மாடுகளுக்கான பட்டிப் பொங்கலன்று இரண்டும் மோதிக்கொண்டன.

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் சாய்ப்ரியா எட்டுப் பாத்தியில் சோளம் போட்டிருந்தாள். இளஞ்சோளம் மேய்ந்த மாடு சற்று நேரத்தில் விஷமேறிச் சாய்ந்துவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அவளுடைய ஆராய்ச்சியே அந்த விஷத்தைப் பற்றியதுதான். எப்போதோ ஒரு மரபணு இரண்டு நகலாகி, ஒன்று பழைய நொதியையே செய்ய, மற்றதன் வழியில் வந்த ஒன்று விஷம் செய்யக் கற்றுக்கொண்டது என்று மாமனாருக்கு விளக்கினாள்.

"நம்மூட்டாட்டமா? அண்ணன் காட்டோட நின்னுக்கிட்டாரு, நான் மோட்டார் பட்டறை வெச்சுபோட்டேன்," என்றார் மாமனார்.

"அதேதானுங்க மாமா. ஒரு பாத்தியில மட்டும் பட்டறைக்காரருக்கு லீவுங்க. விஷம் இருக்காது. காட்டுக்காரரு இருக்கறதால பயிரு நல்லா வரும்."

தன் கண்ணே தன்னை ஏமாற்றக்கூடாது என்று, எந்தப் பாத்தியில் எது என்பதை அவள் தெரிந்துகொள்ளவில்லை. மாமனாரே சீட்டுக் குலுக்கி விதைத்து, அடையாளத்துக்கு வர்ணக் குச்சி நட்டார். பட்டிப் பொங்கலுக்கு, மாடு மிதித்துத் தாண்ட மண்ணில் சின்னத் தெப்பக்குளம் கட்டியவரும், அது மொட்டையாக இருக்கிறதே என்று அந்தக் குச்சிகளையே பிடுங்கிவந்து, ஆவாரம்பூ சுற்றி அழகு பார்த்தவரும் அவரேதான்.

தாம்பாளத் தட்டை அடித்து எல்லாரும் கூவ, குளத்தை மிதித்த செவலை மிரண்டு ஓடி வேலியை முறித்தது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாத்தி அடிக்கட்டையாகிவிட்டது.

"இது எந்தப் பாத்திங்க மாமா?"

அவர் தெப்பக்குளத்தைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "தெரீலியே கண்ணு."

கணவன் சசிதர் மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஸ்கூட்டரில் பறந்தான். திருமலைசாமி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தையாக அழுதார். ஏழு பாத்தியில் விஷம். ஒன்றில் மட்டும் இல்லை, அதற்கு மாற்று விதை ஒரு மணி கூடக் கையில் கிடையாது. செவலையின் மூக்கில் கை வைத்து நின்ற சாய்ப்ரியா, "சாமி, போனது விஷமில்லாத என் பாத்தியாகவே இருக்கட்டும்" என்று மனசார வேண்டினாள்.

செவலை ஒரு ஏப்பம் விட்டது. சாவகாசமாக அசைபோடத் தொடங்கியது. டாக்டர் வந்தபோது வாழை இலையில் வைத்த பொங்கலையும் காலி பண்ணியிருந்தது.

அவள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப உன்ற பாத்தியா அம்மணி போச்சு?"

"போச்சுங்க மாமா. செவலை இருக்குதுல்லங்க."

அவர் பட்டறையிலிருந்து கம்பி வலை கொண்டுவந்து அந்தப் பாத்தியைச் சுற்றி அடித்தார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். தை முடிவதற்குள் அடிக்கட்டைகள் துளிர்த்தன. மறுதுளிரில் விஷம் இன்னும் கடுமை, அதனால் அவள் விடாமல் சோதித்தாள். விஷம் பட்டால் சிவக்கும் மஞ்சள் காகிதம் மஞ்சளாகவே இருந்தது.

விதை பிடித்து அறுவடை முடிந்த பிறகு, பின்னும் துளிர்த்த முதல் இலையை அவளே கிள்ளி செவலைக்கு ஊட்டினாள். திருமலைசாமி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.