சிலிண்டரக்காவின் ஜீப் ஏறிய மேடு

சிலிண்டரக்காவின் ஜீப் எந்தத் தெருவில் போனாலும் அந்தத் தெரு மேடாகிவிடும். போகும்போதும் மேடு, அதே தெருவில் திரும்பி வரும்போதும் மேடு. ஊரோ இஸ்திரி போட்ட துணி மாதிரித் தட்டையானது. நடுவீதியில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் மேட்டை யார் தேடப்போகிறார்கள்? எல்லோர் கண்ணிலும் பட்டது டீசல்தான்.

கல் குவாரி ஒன்றை இழுத்து மூடியபோது அக்கா அந்த ஜீப்பை வாங்கினாள். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் வண்டி, அவளைவிட மூன்று வயது சின்னது, பிடிவாதத்தில் இரட்டைப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு அதை வாடகைக்கு விட்டு, மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களின் வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீசல் ஆஸ்பத்திரியுடையது. அதை அளந்து ஊற்றுகிற வாகனப் பிரிவு மேற்பார்வையாளர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மற்ற வண்டிகளுக்கு வாரம் முழுக்க வருகிற டீசல் இந்த ஜீப்புக்கு வாரத்தின் பாதியைத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் பங்க் வாசலில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பேச்சுதான்.

"அக்கா, உன் வண்டி டீசலைக் குடிக்கல, அதுல குளிக்குது."

"நீ எங்க வீட்ல தங்கிப் படிச்சப்போ எத்தனை தட்டு சாப்பிட்டேன்னு நான் அளந்தேனாடா?"

தம்பி உடனே டேங்கை நிரப்பிவிடுவார். அவர் சாப்பிட்டது அப்படி.

வைத்தியம் பார்க்கப் புகையண்ணனிடம் போனார்கள். வண்டியைத் திறக்காமல் புகையைப் பார்த்தே நோயைச் சொல்கிற மெக்கானிக் என்பதால் அந்தப் பெயர். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியே போகிறது. அக்காவின் ஜீப் விட்ட புகையை மோந்து பார்த்துவிட்டு முதல் நாளே, "இது மேடேறுற வண்டியோட புகை" என்றார். பட்டறையே சிரித்தது. வெட்கத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார். சரியான பதிலைச் சொல்லிவிட்டு அதற்காகப் பல வருஷம் வெட்கப்பட்டவர் என்ற வகையில் அவரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

அதன்பிறகு முறையாக வைத்தியம் நடந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் குவாரிப் புழுதி ஒரு படி கொட்டியது, புதிதாக மாற்றினார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பீய்ச்சிப் பார்த்தார்கள். பம்பின் டைமிங்கைத் திருத்தினார்கள். பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஓடி நின்ற சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். நாலும் காய்ச்சல் இல்லாத குழந்தையின் நெற்றி போல இருந்தன. டயருக்குக் காற்று, இன்ஜின் சீக்கிரம் சூடாகத் தெர்மோஸ்டாட், டேங்குக்குப் புது மூடி. வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் அந்தரத்தில் சுழலவிட்டால் ஜீப் கோழிக்குஞ்சு தண்ணீர் குடிப்பதுபோலத் துளித்துளியாய்க் குடித்தது. இறக்கித் தரையில் வைத்ததும் பழைய கதை.

"தார் ரோட்ல நாலு சக்கர கியரைப் போட்டு ஓட்டினா குடிக்காம என்னம்மா செய்யும்?" என்று புகையண்ணன் ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

"போடாட்டி இழுக்க மாட்டேங்குதண்ணே. பின்னாடியே வழுக்குது."

டேஷ்போர்டில் வைத்த ஸ்பேனர் எப்போதும் மடியில் வந்து விழுவதையும், சிலிண்டர்களைக் கட்டாமல் விட்டால் பின்கதவில் போய் முட்டுவதையும் இருவரும் பார்த்தார்கள். சீட் தளர்ந்திருக்கிறது என்று முடிவுசெய்து நட்டை முறுக்கினார்கள். இப்படி ஏழெட்டு வருஷம் போனது. அக்காவின் மகள் படித்து வேலைக்குப் போனாள், தம்பிக்கு வழுக்கை விழுந்தது, புகையண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டார், ஜீப் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகி வந்தார். கழுத்துப்பட்டையை மின்விசிறிக்குக் கீழேகூடத் தளர்த்தாத மனிதர். அடுத்த மாதக் கடைசிக்குள் ஜீப் மற்ற வண்டிகளைப்போலக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, கூடுதலாகக் குடித்த டீசலுக்கு ஈடாக வண்டி காயலான் கடைக்கு என்றார். அதன் இடத்தில் பளபளவென்று ஒரு வேன் வரும். அந்த வேன் பெரிய சாலையைத் தாண்டி எந்தச் சந்திலும் நுழையாது. சந்துக்குள் மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் சாலைவரை நடந்து வந்து சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம் என்பது நிர்வாகியின் ஏற்பாடு. நடக்க முடிந்தால் அவர்களுக்குச் சிலிண்டர் எதற்கு என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்கு அங்கே தனிப் பிரிவு இல்லை.

யாரோ வழியில் டீசலை உறிஞ்சுகிறார்கள் என்று தம்பிக்குச் சந்தேகம். அக்காவையே சந்தேகப்பட்டார் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லாவிட்டால் வேறு யாருக்கு? ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னாலேயே போனார். முழங்கால் வலிக்காரர், மாடிப்படிக்கே இரண்டு தடவை உட்கார்ந்து ஏறுகிறவர். டேங்க் மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆறு தெரு, இரண்டு சந்து, மார்க்கெட், ரயில்வே கேட் என்று சுற்றிவிட்டு, ஜீப் நின்றபோது பிரேக் பிடித்தார். அப்போதுதான் வந்த தூரம் முழுக்கப் பெடலை ஒரு சுற்றுக்கூட மிதிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ஊர்வலமே நின்றது. முட்டைக்காரர் தள்ளுவண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். கூடைக்காரி கூடைக்குச் சக்கரம் கட்டி விட்டிருந்தாள். எல்லோருக்கும் கடைசியில், வருஷக்கணக்காக வாசலைத் தாண்டாத ஒரு பெரியவர் மூக்கில் குழாயும் மடியில் சிலிண்டருமாகச் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கத் தெம்பில்லாத அவர் மனைவி அந்த நாற்காலியை ஒற்றை விரலால் பிடித்திருந்தாள், ஓடிவிடாமல் இருக்க. ஜீப் தான் ஏறிய உயரத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையையும் பின்னால் வருகிறவர்களுக்கு இறக்கமாக விட்டுவிட்டுப் போனது. இது எந்தக் கணக்கில் சேரும் என்று, பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பன்று மட்டும் வயிற்றுவலி வந்த என்னைப் போன்ற ஆட்களிடம் கேட்கக்கூடாது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார் தம்பி.

"அந்தம்மா வண்டி பின்னாடி வந்தா கொஞ்சம் காத்து தள்ளும் சார்" என்றார் முட்டைக்காரர்.

தம்பி நிர்வாகியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நிர்வாகி அவருக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்.

மாதக் கடைசியில் காயலான் கடையிலிருந்து இழுவை லாரி வந்தது. சாவியைக் கேட்டார்கள். அக்கா ஸ்டீயரிங்கில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, "இழுத்துக்கோ. நான் இறங்கணும்னு ஆர்டர்ல எங்கேயும் போடலையே" என்றாள். ஓய்வு முடிந்த முதல் நாளே வண்டியை ஒப்படைக்கக் கையெழுத்துப் போட வந்த தம்பி, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினார்.

"நீ எதுக்குடா?"

"சும்மா. பாரம் கொஞ்சம் கூடட்டும்."

சங்கிலியை மாட்டி லாரி இழுத்தது. தெரு எழுந்தது. லாரியின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின, கிளட்ச் தீய்ந்த வாடை மூன்று வீடுகளுக்கு அடித்தது. லாரிக்காரர் இறங்கி, சமதளமாய்க் கிடந்த தெருவைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அக்கா சங்கிலியைக் கழற்றினாள். ஜீப்பை லாரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதே சங்கிலியைத் தன் பின்கொக்கியில் மாட்டி, "ஏறி உட்காருங்கண்ணே, பிரேக்ல மட்டும் கால் வைங்க" என்றாள். அவ்வளவு பெரிய லாரி இன்ஜின் செத்த நிலையில், பள்ளம் கண்ட தண்ணீர்போல ஆஸ்பத்திரி வாசல்வரை உருண்டு வந்தது. அதன் பின்னால் முட்டை, கூடை, நாற்காலி எல்லாம்.

நிர்வாகி வெளியே வந்தார். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இரண்டு பங்கு டீசல் என்று விதி இருப்பதைத் தம்பி நினைவூட்டினார். இங்கே மலை ஏது என்று நிர்வாகி கேட்டார். அக்கா பக்கத்துச் சீட்டைத் துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்து, ஏற்றிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புவதற்குள் டம்ளர் அவர் மடியில் காலியாகிவிட்டது. திரும்பி வந்தவர் ஈரத்தோடேயே கையெழுத்துப் போட்டார். வருகிற வழியில், தன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரை முந்தப் பார்த்து, கையாட்டிச் சிரித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்துப்பட்டையை மட்டும் தளர்த்தியிருந்தார்.

ஜீப் இன்னமும் அதேபோல்தான் குடிக்கிறது. ஏர் ஃபில்டரைப் புகையண்ணன் மாதாமாதம் தட்டுகிறார், பழக்கதோஷம். ஆஸ்பத்திரி வரைபடத்தில் ஊரின் எல்லாத் தெருக்களும் மலைப்பாதை என்று வரையப்பட்டிருக்கின்றன. அதை நம்பி வெளியூரிலிருந்து வருகிற ஆட்கள் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, மலை எங்கே என்று முட்டைக்காரரிடம் கேட்பார்கள்.

"சிலிண்டர் போட வெளியே போயிருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடும்" என்பார் அவர், முட்டைகளை வெயிலிலிருந்து நகர்த்தி வைத்தபடி.